கொக்டெயில்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் பாருக்குப் பின்னால் ஒன்பது சீசன் நின்றிருக்கிறேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் கலியாண வீட்டில், சலூனில், வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கும் ஆடி மாதத்தில், எங்கே போனாலும் அதே கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். இருபத்தொரு வயது நிறையாதவர்களுக்கு இது இல்லை. குடியை விட்டவர்களையும் தொடாதவர்களையும் இதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு உதவக்கூடிய ஒரு பதில் பின்னால் இருக்கிறது.

அண்ணை, கொக்டெயில் எண்டா என்ன? சாராயத்துக்குள்ள ஸ்பிரைட் ஊத்தினா அதுவும் கொக்டெயில்தானே?

கலந்தது என்ற அளவில் ஆம். 1806 இல் நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் என்ற ஊரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, மது, சீனி, தண்ணீர், பிற்றர்ஸ் நான்கும் சேர்ந்ததே கொக்டெயில் என்று எழுதியது. பிற்றர்ஸ் என்பது வேர், பட்டை, பூ போன்றவற்றை மதுவில் ஊறவைத்து எடுக்கும் கடுங்கசப்புச் சாறு. துளிக் கணக்கில்தான் விடுவார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ வகை வந்து சேர்ந்துவிட்டன.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: மதுவின் காரம், ஒரு புளிப்பு அல்லது கசப்பு, ஒரு இனிப்பு. மூன்றில் எதுவும் மற்றதை மிஞ்சக்கூடாது. ரசத்தில் புளி ஏறிவிட்டால் உடனே கண்டுபிடிக்கிற நாக்குத்தான் இதற்கும் வேண்டும், அது எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. சாராயத்துக்குள் ஸ்பிரைட் மட்டும் ஊற்றினால் இனிப்பு முந்திவிடும். அதே கிளாசுக்குள் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டுக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் முதல் மிடறிலேயே தெரியும்.

முதல்தரம் பாருக்குப் போறன். மெனுவில ஒண்டும் விளங்கேல்லை. என்னத்தைக் கேக்கிறது?

பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பாரில் நிற்கிறவரிடம் இரண்டு விசயம் சொல்லுங்கள்: எந்த மது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும், புளிப்பு, இனிப்பு, கசப்பு மூன்றில் எது பிடிக்கும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். அப்படிக் கேட்கிற ஆட்கள் வந்தால் எனக்குச் சந்தோசமாக இருக்கும். முதல் தரத்துக்கு மோஹிட்டோ, டொம் கொலின்ஸ், அல்லது சாராயத்தில் செய்த ஒரு சவர் (மது, தேசிப்புளி, சீனிப் பாணி மூன்றையும் ஐசோடு குலுக்கியது) நல்லது. மூன்றிலும் தேசிக்காய் இருக்கிறது, எங்கள் வெயிலுக்கு அது பொருந்தும்.

லோங் ஐலண்ட் ஐஸ் டீயை முதல் நாளே கேட்காதீர்கள். பெயரில் தேத்தண்ணி இருக்கிறதே தவிர உள்ளே தேயிலை இல்லை. வொட்கா, ஜின், ரம், டக்கீலா, தோடை வாசனை லிக்கர் (இனிப்பான மது) என்று ஐந்து வகையிலும் 15 மி.லீ. வீதம் போகும். கோலாவின் நிறமும் இனிப்பும் அதை மறைத்துவிடும்.

இன்னொன்று, மேசையை விட்டுவிட்டு பார் கவுண்டரில் இருங்கள். தேசிக்காயை உங்கள் கண்முன்னே வெட்டிப் பிழிகிறார்களா, போத்தலில் வந்த பச்சை நிறச் சாறை ஊற்றுகிறார்களா என்பதைப் பார்த்தாலே அந்த இடத்தைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும்.

திருகோணமலையில எங்க போகலாம்?

டவுனுக்குள் இருப்பவை பெரும்பாலும் சாராயக்கடைகளும் பியர் குடிக்கிற இடங்களும்தான். கொக்டெயில் வேண்டுமென்றால் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குப் போக வேண்டும். எங்கள் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரை சீசன். அப்போது பழம் தினமும் புதிதாக வரும், பார்க்காரர்களும் முழுப்பேர் நிற்பார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் சில இடங்கள் பூட்டியிருக்கும், சிலவற்றில் மெனுவில் பாதி கிடைக்காது.

டவுனிலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீற்றர். திரும்பி வர ஓட்டோவைப் போகும்போதே பேசி வையுங்கள். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். குடித்துவிட்டுக் கடலில் இறங்கவும் வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு முழங்கால் தண்ணிதானே என்று இறங்கியவர்களை நாங்கள் இழுத்து வந்த நாட்கள் உண்டு.

மெனுவில 2,000 ரூபா, பில்லில 2,600 கிட்ட வருது. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளம் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். 2,000 ரூபாவுக்கு 10 வீதம் சேவைக் கட்டணம் 200. வரும் 2,200க்கு 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) 396. மொத்தம் 2,596. 2024 ஜனவரி 1 முதல் வற் 18 வீதமாக இருக்கிறது. கூட்டல் அடையாளம் இல்லாத இடத்தில் இப்படிக் கூட்டி வந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

போயா அண்டைக்கு கிடைக்குமோ?

கிடைக்காது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கடையும் பாரும் பூட்டு. வேறு சில விசேட நாட்களிலும் பூட்டு. கலண்டரைப் பார்த்துவிட்டு விருந்துக்கு நாள் குறியுங்கள். முதல் நாளே வாங்கி வைத்ததை வீட்டில் குடிக்கத் தடையில்லை. கடற்கரையில், வீதியோரத்தில் இருந்து குடிப்பது எந்த நாளிலும் சட்டத்துக்கு மாறு.

அக்கா ஒராள் கேக்கச் சொன்னவா: பொம்பிளையள் பாருக்குப் போகலாமோ?

ஹோட்டல் பாரில் தாராளமாகப் போகலாம், பரிமாறுவார்கள். பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற விதி 1979 இல் வந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சு அதை நீக்கியது, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவில் அந்த நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. விதி ஏட்டில் இருந்தபோதும், நான் நின்ற பாரில் பெண்களுக்கு ஊற்றாமல் விட்ட நாளே இல்லை. என் அனுபவத்தில் எதைக் குடிக்கிறோம், அதற்குள் என்ன இருக்கிறது என்று கவனமாகக் கேட்டவர்களில் அதிகம் பேர் பெண்கள்தான். கிளாசைக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வைத்திருங்கள் என்பதை மட்டும் சொல்வேன். அது ஆண்களுக்கும்தான்.

வீட்டில தொடங்க என்ன சாமான் வேணும்? ஷேக்கர் செட் ஒண்டு பத்தாயிரம் சொல்லுறாங்கள்.

வாங்க வேண்டாம். மூடி இறுக்கமாகப் பூட்டுகிற கண்ணாடி ஜாம் போத்தல் ஒன்று, தேத்தண்ணி வடி ஒன்று, நீட்டுக் கரண்டி ஒன்று. அளக்கிறதுக்கு, இருமல் பாணிப் போத்தலோடு வருகிற பிளாஸ்டிக் மூடிக் கோப்பை. அதில் 5, 10, 15 என்று மி.லீ. கோடு போட்டிருக்கும். கழுவிக் காயவைத்து அதையே பாவியுங்கள். நான் இன்றைக்கும் வீட்டில் அதைத்தான் பாவிக்கிறேன்.

அளவுக் கோப்பையை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் கண் பார்வையில் ஊற்றுகிறதுதான் பெருமை, ‘ஒரு விரல், ரெண்டு விரல்’ என்பார்கள். இரண்டாவது கிளாசிலிருந்து விரல் தடித்துவிடும். அளந்து ஊற்றினால் ருசி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கும் கையில் இருக்கும்.

ஐஸ் போட்டா தண்ணியாப் போகுது. ஐஸ் இல்லாமச் செய்யலாமோ?

தண்ணியாகத்தான் வேண்டும். கொக்டெயிலில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர், ஐஸ் உருகித்தான் வந்து சேர்கிறது. அது இல்லாவிட்டால் புளிப்பும் காரமும் நாக்கை வெட்டும். உருகுகிறபோதுதான் ஐஸ் குளிரையும் கொடுக்கிறது. ஆகவே உருகட்டும், ஆனால் மெதுவாக உருகட்டும். அதற்குப் பெரிய கட்டி வேண்டும். கிளாசை நிறைய நிரப்புங்கள். இரண்டு கட்டி போட்டால் இரண்டும் உடனே கரைந்து, பானம் குளிராமலே தண்ணியாகிவிடும். நிரம்ப இருந்தால் ஒன்றையொன்று குளிரில் வைத்திருக்கும்.

கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணியில் ஐஸ் போடுங்கள். சின்ன டப்பாவில் உறையவைத்து, துணியில் சுற்றி, உலக்கைப் பூணால் ஒரு தட்டுத் தட்டினால் நல்ல கட்டிகள் வரும். பிரீசரில் மீனோடு வைக்காதீர்கள். நான் முதலில் வேலை செய்த ஒரு இடத்தில் இறாலுக்குப் பக்கத்தில் ஐஸ் தட்டு இருந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா ஜின்னை மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்தா. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மீன் வாடியில் விற்கிற ஐஸ் பாரை வாளிக்குள் பியரைக் குளிரவைக்க உதவும், கிளாசுக்குள் போடக்கூடாது. அது குடிக்கிற தண்ணியில் செய்ததல்ல.

சரி, ஒண்டே ஒண்டு சொல்லித் தாங்கோ. பிழைக்காம வரவேணும்.

சாராயச் சவர். தென்னஞ்சாராயம் 45 மி.லீ., தேசிப்புளி 20 மி.லீ., சீனிப் பாணி 20 மி.லீ. மருந்துக் கோப்பையில் 15 கோடுவரை மூன்று தரம் சாராயம், 10 கோடுவரை இரண்டு தரம் புளி, 10 கோடுவரை இரண்டு தரம் பாணி. ஜாம் போத்தலுக்குள் ஊற்றி, கழுத்துவரை ஐஸ் போட்டு, மூடியை இறுக்கி, துணியால் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு முதல் பதினைந்து செக்கன் பலமாகக் குலுக்குங்கள். முதலில் சத்தம் கல் உருளுகிற மாதிரிக் கேட்கும். போகப்போகச் சத்தம் மெல்லியதாகும், போத்தலின் வெளிப்புறம் வெள்ளைப் பனி பூக்கும், கை விறைக்கும். அப்போது நிறுத்தி, புது ஐஸ் போட்ட கிளாசுக்குள் வடித்துவிடுங்கள்.

குடித்துப் பார்த்து, புளித்தால் அடுத்த தரம் பாணியை 5 மி.லீ. கூட்டுங்கள். இனித்தால் குறையுங்கள். இந்த ஒன்றைக் கையில் பழகிக்கொண்டால், சாராயத்துக்குப் பதில் வெள்ளை ரம் போட்டால் டைக்கிரி, ஜின் போட்டுச் சோடா நிரப்பினால் டொம் கொலின்ஸ், டக்கீலாவும் பாணிக்குப் பதில் தோடை லிக்கரும் போட்டால் மார்கரீட்டா. மெனுவில் ஒரு பக்கம் அப்படியே உங்கள் வசமாகிவிடும்.

கொக்டெயிலுக்கு எதுக்கு நல்ல சாராயம்? எல்லாம் கலக்கிறதுதானே?

கலந்தாலும் அடியில் அதுதானே ருசி. தென்னம்பாளையிலிருந்து இறக்கிய கள்ளைக் காய்ச்சி வடித்ததுதான் தென்னஞ்சாராயம். விலை குறைந்த சிலவற்றில் கரும்புப்பாகில் செய்த வாசனையற்ற ஸ்பிரிட் கலந்திருக்கும். லேபிளைப் படியுங்கள், தனித் தென்னை என்றால் அப்படிப் போட்டிருப்பார்கள். அதில் ஒரு மெல்லிய பூ வாசமும் தேங்காய்ப்பூவின் எண்ணெய்த் தன்மையும் இருக்கும், தேசிக்காயோடு அது அருமையாகச் சேரும். பத்து வருடப் பழசை வாங்கிக் குலுக்க வேண்டாம். அதை ஒரு கட்டி ஐசோடு தனியாகக் குடியுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. சாராயத்தைப் பழசாக்குகிற பெரிய பீப்பாய்களுக்குப் பரம்பரையாகப் பாவிக்கிறது ஹல்மில்ல மரம். பழைய ஆங்கில மர வியாபாரத்தில் அந்த மரத்துக்குப் பெயரே ‘திருகோணமலை மரம்’. இங்கிருந்து சென்னைக்குப் போய், அங்கே அலையைத் தாண்டுகிற மசூலாப் படகுகள் கட்டவும் அதுதான் பயன்பட்டது. பழைய சாராயத்தின் மஞ்சள் நிறத்துக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட ஒரு மரம் நிற்கிறது. வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு நான் ஒவ்வொரு சீசனும் இதைச் சொல்வேன்.

தேசிக்காய் போட்டா ஒரு கசப்பு வருது. ஏன்?

தோலைப் போட்டு நசுக்குகிறீர்கள், அல்லது பிழிந்து வைத்துக் கனநேரமாகிவிட்டது. காயைப் பலகையில் உள்ளங்கையால் உருட்டிவிட்டு, குறுக்கே வெட்டி, மெதுவாகப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுக்குச் சண்டை பிடிக்க வேண்டாம். விதையை வடித்துவிடுங்கள். காலையில் பிழிந்ததை இரவு பாவிக்கலாம், நாளைக்கு வைக்க வேண்டாம். எங்கள் சின்னக் காய் ஒன்றில் 15 முதல் 20 மி.லீ. வரும், ஆளுக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள்.

சீனிப் பாணி எப்படி? கித்துள் பாணி ஊத்தினா என்ன?

ஒரு கோப்பை சீனி, ஒரு கோப்பை சுடுதண்ணி. கரைந்து தெளிந்ததும் இறக்கி ஆறவிடுங்கள், கொதித்துக் குறுகத் தேவையில்லை. பிரிட்ஜில் இரண்டு கிழமை இருக்கும். சூடாக இருக்கும்போதே இடித்த இஞ்சித் துண்டோ கறுவாப்பட்டையோ சேரையோ (எலுமிச்சைப் புல்) போட்டு அரை மணித்தியாலம் ஊறவிட்டு வடித்தால், ஒரே சவர் மூன்று விதமாக மாறும்.

கித்துள் பாணி சாராயத்தோடு மிக நன்றாகச் சேரும். ஆனால் தடிப்பும் புகை வாசமும் உள்ளது, மேலே சொன்ன 20 மி.லீ. இடத்தில் 12 போதும். கொஞ்சம் சுடுதண்ணியில் இளக்கிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஐசில் பட்டு அடியில் இறுகிக் கிடக்கும். பனங்கட்டியைக் கரைத்தும் செய்யலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஓலைக் குட்டானில் வருகிற பனங்கட்டி கிடைத்தால் அதை விடாதீர்கள். எனக்குப் பிடித்த சவர் அதில்தான்.

எப்ப குலுக்கிறது, எப்ப கலக்கிறது?

பழச்சாறு, முட்டை, பால் ஏதாவது உள்ளே போனால் குலுக்குங்கள். மது மட்டுமே என்றால் ஐசோடு கரண்டியால் அரை நிமிடம் கலக்கி வடியுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறிப் பால் மாதிரி மங்கும், மது மட்டுமே சேர்ந்த நெக்ரோனி போன்றது கண்ணாடியாக இருப்பதுதான் அழகு. சோடா, ஜிஞ்சர் பியர், டொனிக் எதையும் குலுக்க வேண்டாம், போத்தல் கையில் வெடிக்கும். அவற்றைக் கடைசியில் மேலே ஊற்றுங்கள்.

சவருக்கு மேல நுரை நிக்குதே, அது முட்டையாமே? எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டம்.

முட்டை வெள்ளைக்கருதான். பச்சை முட்டையில் வயிற்றுக்கு ஆகாத கிருமி இருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் முட்டை சேர்த்த எதையும் நான் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு மதுவே கூடாது.

அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கொண்டைக்கடலை அவித்துச் சுண்டல் செய்கிறபோது வடித்து ஊற்றுகிறோமே, அந்தக் கொழுகொழுத்த தண்ணி. உப்புப் போடாமல் அவித்து, ஆறவைத்து, ஒரு கிளாசுக்கு 30 மி.லீ. விடுங்கள். முதலில் ஐஸ் இல்லாமல் பத்துச் செக்கன் குலுக்கி, பிறகு ஐஸ் போட்டு வழக்கம்போலக் குலுக்கினால் ஒரு விரல் தடிப்பில் நுரை நிற்கும். கடலை வாசம் தேசிக்காய்க்குள் அடங்கிவிடும். இதை நான் கண்டது என் பெரியம்மாவின் அடுப்படியில்தான். சுண்டல் தண்ணி சட்டியில் நுரைத்து நின்றது, அங்கேயே நின்று செய்து பார்த்தேன்.

நெக்ரோனி, மாட்டினி எல்லாம் வீட்டில செய்யலாமோ?

செய்யலாம், சாமான்தான் விலை. நெக்ரோனி என்றால் ஜின், காம்பாரி என்ற கசப்பான சிவப்பு மது, சிவப்பு வேர்மூத் சம அளவு, 30 மி.லீ. வீதம், ஐசில் கலக்கித் தோடம்பழத் தோல் ஒரு சீவல். செய்வதற்கு இதைவிட இலேசானது இல்லை. வேர்மூத் வைன் வகை, திறந்ததும் பிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அலுமாரியில் ஒரு வருடம் நின்ற வேர்மூத்தில் செய்துவிட்டு ‘நெக்ரோனி இவ்வளவுதானா’ என்று கேட்டவர்கள் பலர். மாதம் ஒரு முறைதான் குடிப்பீர்கள் என்றால் இவற்றைப் பாரில் குடியுங்கள், வீட்டில் சவர் செய்யுங்கள்.

பாரில அந்த ஊதா லைட்டுக்குக் கீழ ஜின் டொனிக் நீலமா மின்னுது. ஏதும் மருந்து போடுறாங்களோ?

டொனிக்குக்குள் இருக்கும் குயினைன்தான் மின்னுகிறது. சின்கோனா மரப்பட்டையின் கசப்பு அது. புற ஊதா வெளிச்சம் பட்டால் நீலமாக ஒளிரும். பயப்பட ஒன்றுமில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு ஒரு காலத்தில் அதுதான் மருந்து. அந்தக் கசப்பை விழுங்கச் சீனியும் சோடாவும் ஜின்னும் சேர்ந்தன. எங்கள் நாட்டிலும் சின்கோனா வளர்த்தார்கள், ஹக்கல பூங்காவை 1861 இல் தொடங்கியதே அதற்காகத்தான். டொனிக்கில் உள்ள அளவு மிகச் சிறியது, அதைக் காய்ச்சலுக்கு மருந்தாக நினைக்காதீர்கள்.

1957 வரை எங்கள் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்தது. ஜின்னும் தேசிச்சாறும் சேர்ந்த கிம்லெட் அந்தக் கடற்படையோடு சேர்த்துப் பேசப்படுகிற பானம். பல் ஈறில் இரத்தம் வடிகிற ஸ்கேர்வி நோய்க்குத் தேசிச்சாறு கப்பலில் கட்டாயமாக இருந்தது. செய்முறை மேலே சொன்ன சவர்தான், சாராயத்துக்குப் பதில் ஜின். ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்க அதற்கு நிகரில்லை.

கள்ளில கொக்டெயில் செய்யலாமோ?

அன்றைக்கு இறக்கிய கள்ளு என்றால் அருமை. கள்ளு மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கும், காலையில் இனிப்பு, பின்னேரம் புளிப்பு, அடுத்த நாள் வினாகிரி வாசம். மத்தியானத்துக் கள்ளை வடித்துக் குளிரவைத்து, இஞ்சிப் பாணி 15 மி.லீ., தேசிப்புளி 10 மி.லீ. விட்ட கிளாசுக்குள் மேலே ஊற்றுங்கள். சாராயம் சேர்க்கத் தேவையில்லை. போத்தலில் அடைத்து மூடி வைக்காதீர்கள், வாயு ஏறிப் போத்தல் உடையும். தவறணையில் வாங்குவது நல்லது, எவ்வளவு நேரத்துக் கள்ளு என்று கேட்டு வாங்குங்கள்.

கூட்டாளி ஒருத்தன் கிண்ணியா. குடிக்கமாட்டான். அவனுக்கு சோடாவா குடுக்கிறது?

எங்கள் ஊரில் ஒரு மேசையில் இருக்கிற எல்லோரும் குடிக்கிற கூட்டம் குறைவு. குடிக்காதவருக்கும் அதே கவனத்தோடு செய்துகொடுங்கள். அதைச் செய்யாத பார் நல்ல பார் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நன்னாரிப் பாணி 25 மி.லீ., தேசிப்புளி 20, புதினா நாலு இலை, நிறைய ஐஸ், மேலே சோடா. அல்லது கொடித்தோடைச் சாறும் இஞ்சிப் பாணியும் செவ்விளநீரும். நெல்லிச் சாறு துவர்ப்பாக இருப்பதால் மது இல்லாத குறையை அது நன்றாக நிரப்பும்.

அவருக்கென்று கழுவிய வேறு ஜாம் போத்தல், வேறு அளவுக் கோப்பை, வேறு கரண்டி வையுங்கள். அவர் கண்முன்னே செய்யுங்கள். பிற்றர்ஸ் துளி விடாதீர்கள். துளி என்றாலும் அதில் மதுசாரம் இருக்கிறது, அங்கொஸ்துரா பிற்றர்சில் 44 வீதத்துக்கு மேல்.

வேற வேற மதுவைக் கலந்தாத்தான் வெறி ஏறும் எண்டு சொல்லுறது உண்மையோ?

கலப்பதால் ஏறுவதில்லை, மொத்த அளவால் ஏறுகிறது. கணக்கு இப்படி: மி.லீ. பெருக்கல் மதுவீதம் பெருக்கல் 0.789 (மதுசாரத்தின் அடர்த்தி), வருவதை 100 ஆல் வகுக்க வேண்டும். 33.5 வீதச் சாராயம் 60 மி.லீ. என்றால் ஏறக்குறைய 16 கிராம் மதுசாரம். 5 வீதப் பியர் 330 மி.லீ. 13 கிராம். 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 500 மி.லீ. ரின் ஒன்றில் 35 கிராம் அளவு. முன்பு சொன்ன நெக்ரோனி 19 கிராம், லோங் ஐலண்ட் 22. சாராயச் சவர் 12. ஈரல் மணித்தியாலத்துக்கு 10 கிராமுக்குள்தான் கழிக்கும். இரண்டாவது கிளாசைக் கேட்குமுன் மணிக்கூட்டைப் பாருங்கள். கோப்பியோ குளிப்போ அந்த வேகத்தைக் கூட்டாது.

கொக்டெயிலில் ஆபத்து, இனிப்பு காரத்தை மறைப்பது. அதனால்தான் அளவுக் கோப்பை என்று அவ்வளவு வற்புறுத்தினேன். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடலுக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. ஒன்றிரண்டை ருசித்துக் குடியுங்கள், இடையில் ஒரு கிளாஸ் தண்ணி, பக்கத்தில் கணவாய்ப் பொரியலோ அவித்த கச்சானோ சாப்பிடக் கட்டாயம் இருக்கட்டும்.

மாத்திரை எடுக்கிறன். ஒண்டு குடிச்சாப் பரவாயில்லையே?

என்ன மாத்திரை என்று டொக்டரிடம் கேட்காமல் வேண்டாம். வயிற்றுக்கும் பல்லுக்கும் கொடுக்கிற மெற்ரோனிடசோலோடு குடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், வாந்தியும் படபடப்பும் வரலாம். நித்திரை மாத்திரையோடு குடித்தால் மூச்சே மந்தமாகலாம். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்களுக்குச் சீனி திடீரென இறங்கும். அன்றைக்குக் கூட்டாளியின் நன்னாரிக் கிளாஸ் உங்களுக்கும்.

எல்லாம் நாங்களே செய்யிறம், சாராயத்தையும் வீட்டில காய்ச்சினா என்ன?

கூடாது. மதுவரிச் சட்டப்படி குற்றம். அதைவிட, எது எந்த நேரத்தில் வடிந்து வருகிறது என்று பிரிக்கத் தெரியாமல் செய்கிற கசிப்பில் மெதனோல் சேர்ந்தால் கண் போகும், உயிர் போகும். யாரோ கொண்டுவந்த லேபிள் இல்லாத போத்தலையும் கொக்டெயிலுக்குள் ஊற்றாதீர்கள், தேசிக்காய் அந்த நஞ்சை முறிக்காது. வீட்டில் கைவேலை காட்ட ஆசை என்றால், கடையில் வாங்கிய சாராயத்துக்குள் கறுவாவும் தோடம்பழத் தோலும் போட்டு மூன்று நாள் ஊறவிடுங்கள்.

கனடாவில இருந்து அண்ணா குடும்பம் வருது, இருபது பேர். ஒவ்வொண்டாக் குலுக்கினா விடிஞ்சிடும். என்ன செய்யிறது?

பெரிய பானையில் பஞ்ச் செய்யுங்கள். மது, புளி, இனிப்பு, தண்ணி, வாசனைச் சரக்கு என்று ஐந்து சேர்வதால்தான் ஹிந்தியில் ஐந்தைக் குறிக்கும் ‘பாஞ்ச்’ ஆங்கிலத்தில் பஞ்ச் ஆனது என்று பரவலாகச் சொல்வார்கள். பழைய பஞ்சுகளில் சாராயம் முக்கியமாக இருந்தது.

சவரை இருபதால் பெருக்குங்கள்: சாராயம் 900 மி.லீ., தேசிப்புளி 400, பாணி 400. எல்லோரும் பிழைக்கிற இடம் இங்கேதான். குலுக்காததால் ஐஸ் உருகிவந்து சேரும் தண்ணி இதில் இல்லை. அதை நீங்களே ஊற்ற வேண்டும், மொத்தம் 1,700க்கு நாலில் ஒன்று, 425 மி.லீ. ஆறின தண்ணி. தண்ணிக்குப் பதில் கறுவாவும் ஏலக்காயும் போட்ட ஆறின வெறுந்தேத்தண்ணி ஊற்றினால் இன்னும் நல்லது. சாராயம், பாணி, தேத்தண்ணி மூன்றையும் காலையிலேயே கலந்து பிரிட்ஜில் வையுங்கள். தேசிப்புளியை ஆட்கள் வந்து இருக்கும்போது சேருங்கள். ஐசைப் பானைக்குள் கொட்டாமல் ஒவ்வொரு கிளாசிலும் போடுங்கள்.

குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாராயம் இல்லாத பானை ஒன்றை அடுத்த மேசையில் வைத்து, இரண்டிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நிறம் ஒன்றாக இருக்கும், பிள்ளைகள் மாறி எடுத்துவிடும். சாராயப் பானைக்குப் பக்கத்தில் பெரிய ஆள் ஒருவர் கரண்டியோடு கடைசிவரை நிற்க வேண்டும்.